டாக்டர் ஸ்டாக்மன் யாருக்காகப் பேசினார்? இப்சன் நாடகத்தில் நோக்கத்தை எடைபோடும் முறை

ஊருக்கே சோறு போடும் குளியல் நிலையம். அதன் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த நிலையத்தின் மருத்துவரே கண்டுபிடிக்கிறார். அதை அவர் வெளியே சொல்வது நோயாளிகளுக்காகவா, தன் பெயருக்காகவா? ஹென்ரிக் இப்சன் 1882-ல் வெளியிட்ட 'மக்கள் விரோதி' நாடகத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவரும், மேடையேற்ற நினைக்கும் குழுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. டாக்டர் தாமஸ் ஸ்டாக்மன் தியாகி என்று எழுதவும் நாடகத்தில் ஆதாரம் இருக்கிறது, தற்பெருமைக்காரர் என்று எழுதவும் ஆதாரம் இருக்கிறது. எந்த ஆதாரம் எவ்வளவு எடை பெறும் என்று பார்க்கத் தெரிந்தால்தான் விடை உருப்படும்.

எந்தப் பிரதி கையில் இருக்கிறது?

வேலையைத் தொடங்கும் முன் பிரதியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஆர்தர் மில்லர் 1950-ல் அமெரிக்க மேடைக்காகச் செய்த தழுவல் பல கல்லூரிகளில் புழங்குகிறது. நான்காம் அங்கத்தில் டாக்டர் பேசும் பேச்சின் மிகக் கசப்பான பகுதிகளை, குறிப்பாக மனிதரை நாய் இனங்களோடு ஒப்பிடும் இடத்தை, மில்லர் விலக்கிவிட்டார். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு "இப்சனின் ஸ்டாக்மன் தன்னலமற்றவர்" என்று எழுதினால், இப்சனைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை; மில்லரின் கத்தரிக்கோலைப் பற்றித்தான் சொல்கிறீர்கள். சத்யஜித் ராய் 1989-ல் எடுத்த 'கணசத்ரு' படத்தையும் நாடகத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது. அங்கே குளியல் நிலையத்தின் இடத்தில் கோயில் தீர்த்தம் வருகிறது. கடைசியில் டாக்டருக்கு ஆதரவுக் குரல்கள் எழுகின்றன. இப்சன் அந்த ஆறுதலைத் தரவில்லை. ஐந்து அங்கமும் முழுமையாக உள்ள மொழிபெயர்ப்பு ஒன்றையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறுக்குவழியையும் இப்போதே அடைத்துவிடலாம். 1881-ல் வந்த 'பேய்கள்' நாடகத்துக்குக் கிடைத்த வசவுகளால் இப்சன் கொதித்துப்போயிருந்தார். அந்தச் சூட்டில்தான் இந்த நாடகம் பிறந்தது. உண்மைதான். ஆனால் அதை வைத்து "ஸ்டாக்மன்தான் இப்சன்" என்று முடிவுகட்ட வேண்டாம். தானும் டாக்டரும் பல விஷயங்களில் ஒத்துப்போவதாகவும், ஆனால் டாக்டரின் தலைக்குள் தன்னைவிடக் குழப்பம் அதிகம் என்றும் இப்சனே தன் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறார். ஆசிரியரின் கோபம் பாத்திரத்தின் நோக்கத்துக்குச் சாட்சி ஆகாது.

தண்ணீரையும் மனிதரையும் பிரித்து வையுங்கள்

முதல் படி இதுதான். பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம்: குற்றச்சாட்டு உண்மையா? வலப்பக்கம்: அதைச் சொன்னவரின் நோக்கம் என்ன?

இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை நாடகத்தில் தெளிவாக இருக்கின்றன. முந்தைய ஆண்டு வந்த விருந்தாளிகளிடம் டைபாய்டும் வயிற்று நோய்களும் தென்பட்டன. டாக்டர் தண்ணீர் மாதிரிகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வேதியியல் முடிவு கடிதமாக வந்தது: அழுகிய பொருளும் நுண்ணுயிர்களும் நிறைந்த தண்ணீர், குடிக்கவும் ஆகாது, குளிக்கவும் ஆகாது. மேட்டிலிருக்கும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுதான் காரணம். இதற்கு எதிராக இன்னொரு ஆய்வு முடிவை நாடகத்தில் யாருமே கொண்டுவருவதில்லை. மேயர் பீட்டர் ஸ்டாக்மன், தாமஸின் அண்ணன், நிலைமை அவ்வளவு மோசம் என்று தனக்குப் படவில்லை என்கிறாரே தவிர, ஒரு பாட்டில் தண்ணீரைக்கூடச் சோதனைக்கு அனுப்புவதில்லை.

எனவே இடப்பக்கம் முடிந்துபோன விஷயம். இனி வலப்பக்கத்தில் நீங்கள் எதை எழுதினாலும் அது இடப்பக்கத்தை அசைக்காது. டாக்டர் அகங்காரம் பிடித்தவராகவே இருக்கட்டும், தண்ணீர் தண்ணீர்தான். இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நாடகத்துக்குள் நோக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். மேயர், பத்திரிகைக்காரர்கள், ஊர்க் கூட்டத்தில் முணுமுணுக்கும் குடிமக்கள். தண்ணீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஒவ்வொருவரும் "இவருக்கு இதில் என்ன லாபம்?" என்று திருப்புகிறார்கள். நோக்கத்தை ஆராய்வது தவறில்லை. நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். ஆனால் அவர்கள் செய்வதுபோல் தண்ணீரை மறைக்கும் திரையாக அதைப் பயன்படுத்திவிடக் கூடாது.

நான்கு பத்தி அட்டவணை

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: அவர் செய்தது, அதற்கு அவரே சொல்லும் காரணம், பிறர் சொல்லும் காரணம், அந்தக் கணத்தில் அவருக்குக் கிடைப்பதும் அவர் இழப்பதும். அங்கத்துக்கு நான்கு ஐந்து பதிவுகள் போதும். அதற்கு மேல் போனால் அட்டவணை நாடகத்தின் சுருக்கமாகிவிடும்.

மூன்றாம் பத்தியில் ஒரு விதி உண்டு. யார் காரணம் கற்பித்தாலும், அவருக்கு இதில் என்ன நஷ்டம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நான்காம் அங்கத்தில், டாக்டரை மக்கள் விரோதி என்று அறிவிக்கும் வாக்கெடுப்பு நேரத்தில், பத்திரிகைக்காரன் பில்லிங் ஒரு செய்தி சொல்கிறான்: டாக்டர் சம்பள உயர்வு கேட்டாராம், கிடைக்கவில்லையாம். உடனே கூட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. மாணவர் கட்டுரைகளில் இந்த வரி டாக்டரின் சுயநலத்துக்கு நேரடிச் சான்றாக அடிக்கடி வந்து நிற்கும். ஆனால் சொல்வது யார்? புரட்சிக்காரனாக வேடம் போட்டுக்கொண்டே நகர நிர்வாகத்தில் செயலாளர் பதவிக்கு விண்ணப்பித்தவன் என்று மூன்றாம் அங்கத்தில் அச்சக உரிமையாளன் ஆஸ்லாக்சன் வாயால் அம்பலப்பட்டவன். முதல் அங்கத்தில் டாக்டரோ, சம்பளத்தைக் கூட்டித் தர முன்வந்தாலும் வாங்கமாட்டேன் என்று யாரும் கேட்காமலே சொல்கிறார். இந்த இரண்டு வரியையும் ஒரே பதிவில் எதிரெதிராக வையுங்கள். பில்லிங் சொன்னதைப் பொய் என்றும் தள்ள முடியாது, உண்மை என்றும் ஏற்க முடியாது. "நிரூபணமாகாத குற்றச்சாட்டு" என்று குறித்துவிட்டு நகருங்கள். அதே சமயம், கேட்காத சம்பளத்தை மறுப்பவர் மனதில் சம்பளம் இருக்கிறது என்பதையும் ஓரத்தில் எழுதி வைக்கலாம்.

நான்காம் பத்திக்கு முன் லாபம் என்றால் என்ன என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பணமும் பதவியும் ஒரு வகை. ஊர் தரும் பெயர் இன்னொரு வகை. "நான் அப்போதே சொன்னேன், என் பேச்சைக் கேட்கவில்லை" என்று நிரூபிக்கும் திருப்தி மூன்றாவது. இந்த மூன்றையும் "சுயநலம்" என்ற ஒரே பெட்டியில் போட்டால் ஸ்டாக்மன் கைக்கு அகப்படமாட்டார். பணத்தைப் பொறுத்தவரை அவர் கணக்கு படுநஷ்டம். மூன்றாவது வகையில்தான் அவர் சிக்குகிறார்.

எந்தெந்த இடங்களில் நின்று படிக்க வேண்டும்

கடிதம் வரும் காட்சி. முடிவு கைக்கு வரும்வரை டாக்டர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. விளம்பரம் தேடுபவர் சந்தேகம் வந்தவுடனே ஊதியிருப்பார். இவர் காத்திருந்து சோதித்தார். இது அவர் பக்கம் வலுவான சான்று. ஆனால் கடிதத்தைப் படித்ததும் அவர் முகத்தில் வருவது பயமா? இல்லை, கொண்டாட்டம். தண்ணீர்க் குழாயைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்று கட்டும்போதே தான் எழுதிக் கொடுத்ததையும், யாரும் காதில் போட்டுக்கொள்ளாததையும் நினைவூட்டுகிறார். ஊரே இனி என்ன பேசும் என்று குதூகலிக்கிறார். பத்திரிகை ஆசிரியர் ஹோவ்ஸ்டாட், ஊர் டாக்டருக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று தொடங்க, டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்கிறார். மனைவியைப் பிடித்துச் சுழற்றி ஆடுகிறார். அந்த அறையில் நோய்பட்ட விருந்தாளிகள் எங்கே? இங்கே ஒரு பயிற்சி: நாடகம் முழுவதும் நோயாளிகளைப் பற்றி அவர் பேசும் வரிகளை நீலத்திலும், தன்னைப் பற்றிப் பேசும் வரிகளைச் சிவப்பிலும் கோடிடுங்கள். பக்கங்கள் போகப்போக நீலம் அரிதாவது கண்ணுக்கே தெரியும்.

அண்ணன் தம்பி மோதும் இரண்டாம் அங்கம். சீரமைக்க ஓரிரு லட்சம் குரோனர் ஆகும், இரண்டு ஆண்டு மூட வேண்டும், அதற்குள் பக்கத்து ஊர்கள் விருந்தாளிகளைப் பிடித்துக்கொள்ளும் என்று மேயர் கணக்குச் சொல்கிறார். இந்த வாதத்தை வில்லன் பேச்சாகத் தள்ளாதீர்கள். ஒரு நகரத் தலைவர் நிஜமாகவே எடுத்து வைக்கக்கூடிய வாதம் இது. பிறகு மேயரையும் அதே அட்டவணையில் ஏற்றுங்கள். குழாயின் இடத்தைத் தீர்மானித்ததில் அவர் பெயர் இருக்கிறது. தம்பிக்கு வேலை வாங்கித் தந்ததே ஓரளவு தன் நலனுக்காக, கையில் பிடி இருக்கட்டும் என்றுதான் என அவரே ஒப்புக்கொள்கிறார். டாக்டரை மட்டும் தராசில் வைத்து, மேயரை வெறும் தடையாக விட்டுவிடுவது இந்த நாடகத்தைப் பற்றிய கட்டுரைகளில் அதிகம் காணும் குறை. இந்த அங்கத்தில்தான் டாக்டருக்கு விலை தெரிகிறது: மறுப்பு வெளியிடு, இல்லாவிட்டால் வேலை போகும். விலை தெரிந்த பின்னும் அவர் பின்வாங்கவில்லை. கடிதக் காட்சியின் துணிச்சலைவிட இதற்கு எடை பல மடங்கு அதிகம்.

மேயரின் தொப்பியும் கைத்தடியும். மூன்றாம் அங்கத்தில், பத்திரிகை அலுவலகத்தில் அண்ணன் விட்டுப்போன அதிகாரத் தொப்பியை டாக்டர் மாட்டிக்கொண்டு, இனி ஊருக்குத் தலைவன் நானே என்கிறார். மனைவி காத்ரீனே பக்கத்திலேயே இருக்கிறாள். அவர் விளையாடுகிறார், சரி. ஆனால் விளையாட்டில் வெளிவருவது அவருக்கே தெரியாத ஆசை. சில நிமிடங்களில், அவர் கட்டுரையை வெளியிடுவதாகச் சொன்ன பத்திரிகைக்காரர்களின் ஆதரவு முழுவதும் கரைந்துபோயிருப்பது அவருக்குத் தெரியவருகிறது.

நான்காம் அங்கத்தை எப்படிக் கையாள்வது

டாக்டரின் நண்பரான கப்பல் கேப்டன் ஹோர்ஸ்டரின் வீட்டில் டாக்டர் கூட்டும் ஊர்க் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். தன்னலம், தன்னலமின்மை என்ற இரண்டு சொல்லும் இங்கே போதாமல் போகின்றன.

வரிசையைக் கவனியுங்கள். ஆஸ்லாக்சன் தலைவராகிறான். குளியல் நிலையத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று தடை வருகிறது. பேச வந்த விஷயத்தைப் பேச முடியாதவர் வேறு விஷயத்துக்குப் போகிறார்: பெரும்பான்மை ஒருபோதும் சரியாக இருக்காது, ஊரின் ஆன்மிக ஊற்றுகளே நஞ்சாகிவிட்டன. தெருநாயையும் உயர்ஜாதிப் பூடில் நாயையும் ஒப்பிட்டு மனிதரையும் அப்படியே வகுக்கிறார். பொய்யின் மேல் செழிப்பதைவிட ஊர் அழிவதே மேல் என்கிறார். பொய்யில் வாழ்பவர்களைப் பூச்சிபோல ஒழிக்க வேண்டும் என்பதுவரை போகிறார். ஊர் மக்களைக் காப்பாற்றக் கிளம்பியவர் இப்படிப் பேசுகிறார் என்பதை எழுதாமல் விடும் எந்த விடையும் நேர்மையானதல்ல. "கோபத்தில் சொன்னது" என்று மன்னித்துவிடுவதும் சரியல்ல, "இதுதான் அவருடைய உண்மை முகம்" என்று முதல் மூன்று அங்கங்களை அழித்துவிடுவதும் சரியல்ல. தடை தீர்மானத்துக்கு முன், பின் என்று பேச்சைப் பிரித்து, எந்த வாக்கியத்தில் நோயாளிகள் மறைந்து டாக்டரின் காயம் மட்டும் மிஞ்சுகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

மேடைக்குழுக்களுக்கு: நேரம் போதாவிட்டால் இந்தப் பேச்சைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். வெட்டினால் டாக்டர் மகான் ஆகிவிடுவார், பிறகு நாடகத்தில் கேள்வியே இருக்காது. கூட்டத்தின் ஆரம்பச் சலசலப்பைச் சுருக்குங்கள். தடை தீர்மானத்தையும் நாய் ஒப்பீட்டையும் வையுங்கள். நடிகர் பேச்சின் தொடக்கத்திலேயே உச்சக் குரலுக்குப் போய்விட்டால் பார்வையாளர் மாற்றத்தைக் காண மாட்டார்கள். முதல் பகுதியில் கேலியும் உற்சாகமும் இருக்கட்டும். குரல் ஏறுவது கூட்டம் குறுக்கிடும்போது நடக்கட்டும். பார்வையாளரில் சிலராவது "இவர் சொல்வது சரிதானே" என்று தலையாட்டிவிட்டு, இரண்டு வாக்கியம் கழித்துச் சங்கடப்பட வேண்டும்.

பங்குப் பத்திரங்கள்: உண்மையான சோதனை

வேலை போனது, வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது, மகள் பெட்ராவின் ஆசிரியை வேலையும் போனது. இந்த நிலையில் காத்ரீனேயின் வளர்ப்புத் தந்தை மார்ட்டன் கீல் வருகிறார். காத்ரீனேக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணத்தால் குளியல் நிலையத்தின் பங்குகளை வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். ஊர் முழுக்கப் பழி அவருடைய தோல் ஆலையின் மேல்; அவர் பாட்டன், தகப்பன் பெயரும் அதில் கெடுகிறது. தண்ணீர் சுத்தம் என்று மருமகன் சொல்லிவிட்டால் பங்குகளும் மீளும், குடும்பப் பெயரும் மீளும். இரண்டு மணிக்குள் பதில் வேண்டும். இல்லையேல் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது தர்மத்துக்குப் போய்விடும்.

இதுவரை டாக்டர் சொன்ன உண்மையும் அவருடைய பெருமையும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன. எது வண்டியை இழுத்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இங்கே பணமும் மனைவி மக்களின் எதிர்காலமும் முதன்முறையாக எதிர்த்திசையில் நிறுத்தப்படுகின்றன. டாக்டர் தடுமாறுகிறார். அறிவியல் ஏதாவது மாற்று மருந்து கண்டுபிடிக்காதா என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறார், காத்ரீனேயிடம் பேச வேண்டும் என்கிறார். இந்தத் தடுமாற்றத்தைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள், மேடையில் அவசரப்படுத்தாதீர்கள். தயங்காத மறுப்புக்கு விலை கிடையாது.

அடுத்து ஹோவ்ஸ்டாட்டும் ஆஸ்லாக்சனும் வருகிறார்கள். பங்கு விலையை இறக்கத்தான் டாக்டர் இத்தனையும் செய்தார் என்று அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தந்திரத்தை மெச்சி, தங்களுக்கும் ஒரு பங்கு கேட்டு ஆதரவு தர வருகிறார்கள். மேயரும் முன்பே வேறு வழியில் இதே மாதிரி முடிவுக்கு வந்துவிட்டார்: மாமனாரின் உயிலுக்காகச் செய்த ஏற்பாடு என்று. சுயநலம் தவிர வேறு நோக்கமே இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் குடையை ஓங்கி இருவரையும் விரட்டுகிறார். பிறகு ஒரு அட்டையில் "முடியாது" என்று மூன்று முறை எழுதி கீலுக்கு அனுப்புகிறார்.

எங்கள் தீர்ப்பு இந்த இடத்தைச் சார்ந்தது. தொடக்கத்தில் பெருமையும் அக்கறையும் கலந்தே டாக்டரைத் தூண்டின. நான்காம் அங்கத்தில் பெருமை முந்திக்கொண்டது. ஆனால் பெருமைக்குக் கைதட்ட அறையில் ஆளில்லாத வேளையில், பணம் மேஜையில் கிடக்கும்போது அவர் எழுதிய மறுப்பு பெருமையால் மட்டும் விளையாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. உங்கள் கட்டுரையில் அதற்கு இடம் கொடுங்கள்: அவர் தியாகம் செய்தவை முழுக்க அவருடையவையா? பெட்ராவின் வேலை, ஹோர்ஸ்டரின் கப்பல் பதவி, காத்ரீனேயின் சொத்து, சிறுவர்களின் பள்ளிக்கூடம். பெட்ரா தானாக நின்றாள். காத்ரீனே முதலில் தடுத்தாள், மூன்றாம் அங்கத்தின் முடிவில் தானே தேர்ந்து அவர் பக்கம் வந்தாள். ஹோர்ஸ்டர் தன் வீட்டைத் திறந்துவிட்டது தெரிந்தே. ஆனால் மகன்கள் எய்லிஃபையும் மார்ட்டனையும் யாரும் கேட்கவில்லை. இனி பள்ளிக்கே போக வேண்டாம், நானே சொல்லித்தருகிறேன் என்று அப்பா முடிவெடுத்துவிடுகிறார். தன்னலமின்மைக்கு எதிரான கூர்மையான சான்று பில்லிங்கின் வதந்தியில் இல்லை, இங்கே இருக்கிறது.

எழுதும்போதும் ஒத்திகையிலும்

ஆயிரம் சொல் கட்டுரை என்றால்: தீர்ப்பைச் சொல்லும் தொடக்கத்துக்கு 100, தண்ணீரின் உண்மைக்கு 100, கடிதக் காட்சிக்கு 200, கூட்டத்துக்கு 250, பங்குக் காட்சிக்கு 250, எதிர்வாதத்துக்கு 100. "அவரிடம் தன்னலமும் உண்டு, பொதுநலமும் உண்டு" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது, வரவும் கூடாது. எந்த அங்கத்தில் எது மேலோங்குகிறது, எந்தச் சம்பவம் அதை மாற்றுகிறது என்று வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். டாக்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் வசனத்தை மட்டும் மேற்கோள் காட்டிய பத்தி இருந்தால், அதோடு ஒரு செயலையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒத்திகையில் கடிதக் காட்சியை இரண்டு முறை நடத்திப் பாருங்கள்: ஒருமுறை "நான் சொன்னது சரியாகிவிட்டது" என்ற மகிழ்ச்சியோடு, இன்னொருமுறை "இத்தனை பேர் குளித்துவிட்டார்களே" என்ற பதற்றத்தோடு. எந்த வரி எந்த மனநிலையில் உயிர் பெறுகிறது என்று நடிகரே கண்டுபிடிப்பார். இறுதி வடிவம் அவற்றின் கலவையாகத்தான் வரும். முதல் அங்கத்திலேயே தன் முடிவு தெரிந்தவர்போல நடிப்பது இந்தப் பாத்திரத்தில் வழக்கமான பிழை. அப்போது அவர் ஊரின் செல்லப்பிள்ளை, தோற்போம் என்ற எண்ணமே கிடையாது.

முடிவுக் காட்சியிலும் ஒரு தேர்வு உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஜெர்மன் இயக்குநர் தாமஸ் ஓஸ்டர்மையர் 2012-ல் பெர்லின் ஷவ்புயூனே குழுவோடு செய்த தயாரிப்பில், டாக்டரும் மனைவியும் பங்குப் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடகம் முடிகிறது. மறுத்தாரா என்பது பார்வையாளரிடம் விடப்படுகிறது. இப்சனின் பிரதியில் மறுப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, கடைசியில் டாக்டர் குடும்பத்தைச் சுற்றிலும் கூட்டி வைத்துக்கொண்டு, உலகில் மிக வலிமையானவன் தனியாக நிற்பவனே என்கிறார். காத்ரீனே சிரித்து, இல்லை என்பதுபோல் தலையசைக்கிறாள். பிரதியின்படி போவதானால் அந்தத் தலையசைப்பைக் காணும்படி அவளை ஒளியில் நிறுத்துங்கள், வசனத்துக்கு அடியில் இசை போடாதீர்கள். இசை வந்தால் பார்வையாளர் அந்த வரியை அப்படியே நம்பிவிடுவார்கள், காத்ரீனே நம்பவில்லை.